படியும் பலமும்

மளிகைக் கடைக்காரர் அரிசியை நிறுத்துத் தருகிறார். வீட்டிற்கு வந்தபின் அதே அரிசியை நாம் அளந்து எடுக்கிறோம். கடையில் கிலோகிராம், அடுப்படியில் ஆழாக்கு, குவளை, கரண்டி, சிட்டிகை. ஒரே பொருள் ஒரே நாளில் இரண்டு அளவை முறைகளுக்குள் புகுந்து வெளிவருகிறது. இவற்றுக்கிடையே உள்ள தொடர்பு என்ன என்று கேட்டால் நம்மில் பலர், 'ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோதானே' என்று விடையளிப்பர். தண்ணீருக்கு அவ்விடை பொருந்தும். அரிசிக்கும் பருப்புக்கும் மாவுக்கும் உப்புக்கும் எண்ணெய்க்கும் பொருந்தாது. பொருந்தாத விடையைப் பொருத்திப் பார்ப்பதால் சோறு குழைவதும் வேகாமல் நிற்பதும் மட்டுமன்றி, ஒரு குழந்தையின் தட்டில் விழவேண்டிய உணவே குறைந்துபோவதும் உண்டு. ஆகவே இதனைச் சற்று நின்று நிதானமாகப் பார்ப்போம்.

இலக்கணம் அறிந்த வேறுபாடு

ஆகுபெயர் பற்றிப் படித்தபோது அளவையாகுபெயர் நான்கு வகைப்படும் எனக் கண்டோம். எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்பன அவை. 'இரண்டு கிலோ கொடு' என்பதில் எடை அளவு தன்னைக் குறிக்காமல் எடையிடப்பட்ட பொருளைக் குறிக்கிறது. ஆதலால் அஃது எடுத்தலளவை ஆகுபெயர். 'அரை லிட்டர் வாங்கினேன்' என்பது முகத்தலளவை ஆகுபெயர். தேர்வுக்காக இவ்விரண்டையும் மனப்பாடம் செய்யும் நாம், அவற்றை ஏன் தனித்தனியே வைத்தனர் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. துலாக்கோலால் தூக்கி அறிவது ஒன்று. கலத்தால் முகந்து அறிவது மற்றொன்று. இரண்டும் ஒரே வினாவிற்கான விடைகள் அல்ல. முன்னது 'எவ்வளவு கனம்' என்கிறது; பின்னது 'எவ்வளவு இடம்' என்கிறது.

இவ்வேறுபாடு நன்னூலுக்கும் மிக முற்பட்டது. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் அளவுப்பெயர், நிறைப்பெயர் என இரண்டையும் பிரித்தே பேசுகிறார். அப்பெயர்களுக்கு முதலாக வரும் எழுத்துகள் ஒன்பது என்றும் வரையறுக்கிறார். கலம், தூணி, பதக்கு, நாழி, மரக்கால், உழக்கு என்று நாம் அறிந்த பெயர்களை எண்ணிப் பார்த்தால் அவ்வரையறைக்குள் அவை அடங்குவதைக் காணலாம். அளவைப் பெயர்கள் ஒன்றோடொன்று சேரும்போது ஏற்படும் புணர்ச்சிக்குக்கூட அவர் விதி சொல்லியிருக்கிறார். நாழியும் உரியும் சேர்ந்தால் 'நாழியுரி' என்று ஆகாமல் 'நாடுரி' ஆகும். நாழியும் அதில் பாதியும் சேர்ந்த ஒன்றரை நாழிக்குத் தனியொரு சொல்வடிவம் வேண்டியிருந்தது என்றால், அந்த அளவை நாள்தோறும் வாயில் வழங்கியது என்பதுதானே பொருள்?

சோழர் காலத்தில் இவ்விரு அளவைகளும் எத்துணைக் கருத்தோடு பேணப்பட்டன என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலே சான்று. அங்குள்ள முதலாம் இராசராசனின் கல்வெட்டுகளில் நெல்லை அளக்கும் மரக்காலுக்கு 'ஆடவல்லான்' என்று பெயர். பொன்னை நிறுக்கும் எடைக்கல்லுக்கும் 'ஆடவல்லான்' என்றே பெயர். இறைவனின் பெயர் ஒன்றுதான். ஆயினும் நெல்லுக்கு மரக்கால், பொன்னுக்குக் கல். விலைமிக்க பொருளை இடத்தால் அளந்து ஏமாற அவர்கள் ஒருப்படவில்லை.

பழைய வாய்பாடும் அதில் ஓர் ஐயமும்

முகத்தலளவைக்கான மரபு வாய்பாட்டை நம் பாட்டன்மார் ஒப்புவிப்பர். 360 நெல் கொண்டது ஒரு செவிடு. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி அல்லது படி. எட்டு நாழி ஒரு குறுணி அல்லது மரக்கால். இரண்டு குறுணி பதக்கு, இரண்டு பதக்கு தூணி, மூன்று தூணி கலம். ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு என்பதையும், ஒரு கலத்திற்குப் பன்னிரண்டு மரக்கால் என்பதையும் இதிலிருந்து எளிதில் பெறலாம்.

எடைக்கு வேறு வாய்பாடு. மூன்று தோலா ஒரு பலம்; நாற்பது பலம் ஒரு வீசை; எட்டு வீசை ஒரு மணங்கு. தோலா என்பது அக்கால வெள்ளி ரூபாயின் எடை, ஏறத்தாழ 11.66 கிராம். அதனால்தான் பழைய சமையற் குறிப்புகளிலும் மருந்துக் குறிப்புகளிலும் 'ஒரு ரூபாய் எடை' என்ற தொடர் வரும். அதைக் கண்டு விலையென மயங்கும் இளையோரை நான் கண்டிருக்கிறேன். பலம் 35 கிராம், வீசை 1.4 கிலோகிராம், மணங்கு 11 கிலோகிராமிற்குச் சற்று மேல் எனக் கொள்ளலாம்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது சுவையானது. வாய்பாட்டின்படி ஒரு செவிடு 360 நெல் என்றால் ஆழாக்கு 1,800 நெல். படி 14,400 நெல். பெரும்பாலான நெல்வகைகளில் ஆயிரம் மணிகளின் எடை 20 முதல் 25 கிராம் வரை இருக்கும். அப்படியானால் 14,400 மணிகள் 288 முதல் 360 கிராம் வரைதான் இருக்கவேண்டும். அவை அடைக்கும் இடமோ ஏறத்தாழ அரை லிட்டர் முதல் 650 மில்லிலிட்டர் வரை. ஆனால் சென்னை வட்டாரத்தில் வழங்கிய 'பட்டணம் படி' 1.6 லிட்டர் அளவினது! மூன்றில் ஒரு பங்குக்கும் இதற்கும் எவ்வளவு தொலைவு! வாய்பாடு பொய் என்று முடிவு செய்துவிட வேண்டா. நாழியும் படியும் ஒன்றே என்று வாய்பாடு கூறினாலும், எல்லா ஊர்களிலும் எல்லாக் காலத்திலும் அவை ஒரே கலமாக இருந்ததில்லை என்பதே இக்கணக்கு காட்டும் உண்மை. பெரிய படி, சின்னப் படி என்று நம் ஊர்களில் வழங்கிய பெயர்களும் அதனையே சொல்கின்றன. ஆகவே பழைய குறிப்பொன்றில் 'ஒரு படி' என்று கண்டால், 'எந்த ஊர்ப் படி' என்று முதலில் கேட்க வேண்டும். இந்தக் குழப்பத்திற்கு முடிவு கட்டவே 1956ஆம் ஆண்டில் அளவைகளைத் தரப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டு, அதன்பின் மெட்ரிக் முறை நாடெங்கும் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.

கலத்துக்குள் இருக்கும் காற்று

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு குவளை நிறைய அரிசியை விளிம்புக்குச் சமமாக நிரப்புங்கள். இனி ஓர் அரிசிக்குக்கூட இடமில்லை என்றே தோன்றும். பிறகு அதில் மெல்லத் தண்ணீர் ஊற்றுங்கள். குவளையின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நீர் உள்ளே சென்று மறையும். அந்த இடமெல்லாம் அதுவரை காற்று குடியிருந்த இடம்.

ஓர் அரிசி மணி நீரில் மூழ்குகிறது. எனவே அது நீரைவிட அடர்த்தி மிக்கது. ஆயினும் ஒரு லிட்டர் கலத்தில் நிரப்பிய அரிசி ஒரு லிட்டர் நீரைவிட எடை குறைந்தது. இஃது எவ்வாறு? மணிகளுக்கு இடையே உள்ள காற்றையும் சேர்த்துத்தான் நாம் முகக்கிறோம். எடையிடும்போதோ காற்று கணக்கில் வருவதில்லை. எனவே சமையலறைக் கணக்குக்கு நமக்கு வேண்டியது மணியின் அடர்த்தி அன்று. இடைவெளியையும் சேர்த்து, நிரப்பப்பட்ட நிலையில் உள்ள அடர்த்தி. அரிசிக்கு அது மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 0.83 கிராம்.

மாற்றும் வழி எளிது. முகந்த அளவை இந்த அடர்த்தியால் பெருக்கினால் எடை கிடைக்கும். எடையை அடர்த்தியால் வகுத்தால் முகக்கவேண்டிய அளவு கிடைக்கும். 200 மில்லிலிட்டர் கொள்ளும் குவளையை எடுத்துக்கொள்வோம். பட்டணம் படியின் ஆழாக்கும் ஏறத்தாழ இதுவேயாம். இதில் தலைதட்டி எடுத்த அரிசி 165 கிராம் அளவில் இருக்கும். துவரம்பருப்பும் உளுத்தம்பருப்பும் ஏறக்குறைய அதே அளவினவே. சர்க்கரை 170 கிராம். ரவை 140 கிராம். அரிசிமாவு 125 கிராம். மைதா மெல்லத் தூவி நிரப்பினால் 105 கிராம். உருக்கிய நெய்யும் எண்ணெயும் 180 கிராம் அளவில் நிற்கும். பால் தண்ணீரைச் சற்றே விஞ்சி 205 கிராம். தேன் எல்லாவற்றையும் முந்தி 280 கிராம் இருக்கும். மறுகோடியில் பொரி இருக்கிறது. ஒரு குவளைப் பொரி 20 கிராமைக்கூட எட்டாது. பொரியை இன்றும் எடையிடாமல் படியால் அளந்து விற்பதில் ஒரு நியாயம் உண்டு. ஒரு கிலோ பொரி கேட்டால் அதைத் தூக்கிச் செல்லக் கோணிப்பை வேண்டியிருக்கும்.

இவ்வெண்கள் வழிகாட்டிகளே, சட்டங்கள் அல்ல. மணியின் பருமனும் ஈரமும் மாறும்போது இவையும் சிறிது மாறும்.

நூற்றிருபது குழந்தைகளின் அரிசி

இனி இதன் பயன் எங்கே வெளிப்படுகிறது என்று காண்போம். பள்ளிச் சத்துணவில் தொடக்கப்பள்ளிக் குழந்தை ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அரிசி என்பது அரசு வகுத்த அளவு. ஒரு பள்ளியில் 120 குழந்தைகள் உண்கின்றனர் எனக் கொள்வோம். தேவை 12 கிலோகிராம். அன்று தராசு பழுதாகிவிட்டது. கையில் ஒரு லிட்டர் கொள்ளும் பாத்திரம் இருக்கிறது. 'லிட்டருக்குக் கிலோ' என்று எண்ணி, பன்னிரண்டு முறை முகந்து உலையில் இட்டுவிட்டால் என்ன ஆகும்?

12 லிட்டரை 0.83ஆல் பெருக்கினால் 9.96. அதாவது பத்துக் கிலோகிராம்தான் உலைக்குள் சென்றிருக்கிறது. குறைந்த இரண்டு கிலோகிராம் இருபது குழந்தைகளின் பங்கு. அது வரிசையின் கடைசியில் நிற்கும் இருபது பேருக்கு இல்லாமற் போகலாம். அல்லது ஒவ்வொரு தட்டிலும் 17 கிராம் யாரும் அறியாமல் குறையலாம். எவரும் களவாடவில்லை, எவரும் பொய் எழுதவில்லை. ஆனாலும் பதிவேட்டில் பன்னிரண்டு, பானையில் பத்து. சரியான கணக்கு யாது? 12 கிலோகிராமை 0.83ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ பதினான்கரை லிட்டர் கிடைக்கும். அந்தப் பாத்திரத்தால் பதினான்கு முழுமுகவையும் ஓர் அரைமுகவையும் எடுத்தால் குழந்தைகளின் பங்கு முழுமையாகச் சேரும்.

மேற்கண்டதன் மறுதலையும் நிகழ்வதுண்டு. ஒரு பங்கு அரிசிக்கு இரு பங்கு தண்ணீர் என்பது பல வீடுகளில் குக்கருக்கு வைத்திருக்கும் கணக்கு. இது முகத்தல் கணக்கு. திருமண வீட்டில் 25 கிலோகிராம் மூட்டையைப் பிரித்து உலையில் கொட்டுபவர், 'இருபத்தைந்துக்கு ஐம்பது' என்று 50 லிட்டர் நீர் வைத்தால் சோறு விறைத்து நிற்கும். 25 கிலோகிராம் அரிசி அடைக்கும் இடம் 30 லிட்டர். அதற்கு இரு மடங்கு 60 லிட்டர். எடைக்கணக்கில் சொல்வதானால் ஒரு பங்கு அரிசிக்கு 2.4 பங்கு நீர். கைதேர்ந்த சமையற்காரர் இக்கணக்கைப் போடுவதில்லை. உலைநீரில் விரலை விட்டு அரிசிக்குமேல் எத்தனை கணு நிற்கிறது என்று பார்த்துவிடுகிறார். அது கணக்குக்கு எதிரானது அன்று; கணக்கின் இன்னொரு வடிவமே.

இவ்விடத்தில் ஒரு வினா எழலாம். எடைக்கருவியே இல்லாத அடுக்களைகளில் நம் பாட்டியர் தலைமுறை தலைமுறையாகத் தவறின்றிச் சமைத்தது எப்படி? அவர்கள் அளவைக் கையாளவில்லை, விகிதத்தைக் கையாண்டனர். இட்லிக்கு நான்கு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து என்னும்போது கலம் எதுவாயினும் கவலையில்லை. சிறு குவளையாயினும் பெரும்படியாயினும் ஒரே கலத்தால் இரண்டையும் முகந்தால் விகிதம் மாறாது. அன்றியும் அரிசிக்கும் உளுத்தம்பருப்புக்கும் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றாதலின், எடையால் எடுத்தாலும் அதே விகிதம் கிடைக்கும். அரிசிமாவையும் வெல்லப்பாகையும், ரவையையும் நெய்யையும் சேர்க்கும் பணியாரங்களில்தான் முகத்தலும் நிறுத்தலும் பிரிந்து நிற்கும். 'ஒரு கிண்ணம் ரவைக்கு ஒரு கிண்ணம் சர்க்கரை' என்ற குறிப்பை 'ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ' என்று மாற்றிச் செய்தால் இனிப்பு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துபோகும்.

தலைதட்டலும் குவித்தலும்

களத்துமேட்டில் நெல் அளப்பவர் 'ஒன்று' என்று தொடங்குவதில்லை. 'லாபம்' என்று தொடங்கி 'இரண்டு, மூன்று' என்று செல்வார். அவர் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் உழவரின் கண் எண்ணிக்கையில் மட்டும் இராது. மரக்காலின் விளிம்பிலும் இருக்கும். தலைதட்டி அளந்தால் ஓர் அளவு. குவித்து அளந்தால் வேறோர் அளவு. வாங்கும்போது குவியலும் கொடுக்கும்போது தட்டலுமாக அளந்தவர்களைப் பற்றிய வசைகள் நம் ஊர்வழக்கில் ஏராளம்.

அந்தக் குவியலின் மதிப்பை நீங்கள் கற்ற வடிவியலே காட்டும். 12 சென்டிமீட்டர் வாய் அகலமுள்ள படியில் அரிசியைக் குவித்தால் அது கூம்பாக நிற்கும். சரிவு ஏறத்தாழ 30 பாகை எனக் கொண்டால் கூம்பின் உயரம் மூன்றரை சென்டிமீட்டருக்கு அருகில். அதன் கனஅளவு 130 மில்லிலிட்டர். 1.6 லிட்டர்ப் படிக்கு இது நூற்றுக்கு எட்டு. அதே கொள்ளளவுள்ள கலத்தின் வாயை அகலமாக்கினால் குவியல் விரைந்து பெருகும். ஏனெனில் கூம்பின் கனஅளவு வாயின் அகலத்தை மும்முறை பெருக்கியதற்கேற்ப வளர்வது. கரண்டிகளில் இதன் விளைவு இன்னும் கடுமையானது. கரண்டி ஆழமில்லாதது, வாயோ அகன்றது. தேக்கரண்டியைக் குவித்து எடுத்தால் தலைதட்டிய அளவைப்போல் இருமடங்கு வரைகூட வந்துவிடும்.

1896ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான பாஸ்டன் சமையற்பள்ளி நூலில் ஃபேனி ஃபார்மர் என்னும் ஆசிரியை, கிண்ணத்தையும் கரண்டியையும் விளிம்புக்குச் சமமாக வழித்தே அளக்கவேண்டும் என்று வலியுறுத்திப் பெயர் பெற்றார். நம் களத்துமேட்டு உழவர் அதை அவரிடம் கற்கவேண்டிய தேவை இருக்கவில்லை என்பது என் எண்ணம்.

மாவில் தொல்லை வேறுவகையானது. மாவு இளகியும் இருக்கும், இறுகியும் இருக்கும். சலித்துத் தூவிய மைதா ஒரு குவளையில் 105 கிராம் என்றோம். அதே குவளையை மாவு டப்பாவுக்குள் அழுத்தி முகந்தால் 125 கிராம் ஏறிவிடும். கலம் ஒன்று, பொருள் ஒன்று, முகந்த கைதான் வேறு. ரொட்டியும் கேக்கும் செய்யும் அடுமனையாளர் மாவை முகக்காமல் நிறுக்கும் காரணம் இதுவே. உப்பும் அப்படித்தான். பொடியுப்பு ஒரு தேக்கரண்டிக்கு 6 கிராம் இருக்கும். கல்லுப்பின் மணிகள் பெரியவை, கோணல்மாணலானவை. இடையே காற்று மிகுதி. எனவே அதே கரண்டிக் கல்லுப்பில் உப்பு குறைவு. கல்லுப்புக்குப் பழகிய கை, பொடியுப்பை அதே கரண்டியால் இட்டால் குழம்பு கரிக்கும். ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்ணவேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்துகிறது. அஃது ஒரு தேக்கரண்டிப் பொடியுப்பிலும் குறைவு. ஊறுகாயும் அப்பளமும் அதற்குள் அடங்கவேண்டும்.

எண்ணெய் உறையும் பழைய குறிப்பும்

எண்ணெய் உறையொன்றை எடுத்து அதன்மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஒரு லிட்டர் என்பதோடு 910 கிராம் என்பது போன்ற எடையும் இருக்கும். இரண்டையும் ஏன் எழுத வேண்டும்? எண்ணெய் சூட்டில் விரியும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 பாகை செல்சியசில் ஏறத்தாழ 919 கிராம். 60 பாகையிலோ 893 கிராம். உயர்ந்த வெப்பநிலையைக் குறிப்பிட்டு அடைத்தால் 'ஒரு லிட்டர்' என்ற சொல் பொய்யாகாமலே 26 கிராம் எண்ணெயைக் குறைத்துவிட முடியும். 2022ஆம் ஆண்டு ஒன்றிய அரசின் நுகர்வோர் நலத்துறை, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் கொள்ளளவோடு சரியான எடையையும் அச்சிடுமாறு எண்ணெய் நிறுவனங்களை அறிவுறுத்தியதன் பின்னணி இதுவே. கடையில் இரு உறைகளை ஒப்பிடும்போது லிட்டரைப் பாராமல் கிராமைப் பார்ப்பதே அறிவுடைமை.

பழைய குறிப்புகளை இன்றைய அளவுக்குக் கொணர்வது ஓர் இனிய பயிற்சி. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' முதன்முதலில் 1951இல் வெளிவந்தது. மெட்ரிக் சட்டத்துக்கு ஐந்தாண்டுகள் முந்தியது. அக்காலத்துப் பாட்டி ஒருவரின் கையேட்டில் சர்க்கரைப் பொங்கலுக்கு 'அரைப்படி பச்சரிசி, முப்பது பலம் வெல்லம், ஐந்து பலம் நெய்' என்றிருப்பதாகக் கொள்வோம். அவர் பட்டணத்துக்காரரானால் அரைப்படி நான்கு ஆழாக்கு, 800 மில்லிலிட்டர், அதாவது 660 கிராம் அரிசி. வெல்லம் 1,050 கிராம். நெய் 175 கிராம், அதை 0.91ஆல் வகுத்தால் 190 மில்லிலிட்டர், ஒரு குவளைக்குச் சற்றுக் குறைவு. ஒரே குறிப்பில் அரிசியை முகந்தும் வெல்லத்தையும் நெய்யையும் நிறுத்தும் எழுதியிருப்பதை நோக்குங்கள். வெல்லம் கட்டியாக இருப்பது; படியில் போட்டால் பாதி வெற்றிடம். நெய் சில நாள் உறைந்தும் சில நாள் உருகியும் இருப்பது. எதை முகப்பது, எதை நிறுப்பது என்ற தெளிவு அந்தக் கையேட்டிலேயே இருக்கிறது.

வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் 'கப்' வேறொரு சிக்கல். அமெரிக்கக் கிண்ணம் 237 மில்லிலிட்டர். மின் அரிசிக்குக்கரோடு வரும் சப்பானியக் கிண்ணம் 180 மில்லிலிட்டர். அதில் அரிசி 150 கிராம். மேசைக்கரண்டி பெரும்பாலான நாடுகளில் 15 மில்லிலிட்டர். ஆத்திரேலியாவில் மட்டும் 20. முன்னர்க் கூறிய விகித முறை இங்கும் கைகொடுக்கும். ஆனால் குறிப்பில் பாதி கிண்ணத்திலும் பாதி கிராமிலும் இருந்தால் முதலில் கிண்ணத்தின் நாட்டைக் கண்டறிந்தாக வேண்டும்.

உங்கள் வீட்டு வாய்பாடு

தராசு இல்லாத வீட்டிலும் இக்கணக்கைச் செய்யலாம். அரை லிட்டர்ப் பால் உறையிலுள்ள பால் உங்கள் குவளையில் எத்தனை முறை நிரம்புகிறது என்று பார்த்தால் குவளையின் கொள்ளளவு தெரிந்துவிடும். ஒரு கிலோகிராம் சர்க்கரை உறையைப் பிரித்துத் தலைதட்டி அளந்து, எத்தனை குவளை வந்தது என்று எண்ணுங்கள். ஆறு வந்தால் குவளைக்கு 167 கிராம். அரிசி, பருப்பு, ரவை, மாவு ஒவ்வொன்றுக்கும் உறை பிரிக்கும் நாளில் இவ்வாறு எண்ணி, அடுக்களைச் சுவரில் ஒரு தாளில் எழுதி ஒட்டினால் ஒரு மாதத்தில் உங்கள் வீட்டிற்கேயுரிய வாய்பாடு அமைந்துவிடும். அச்சிட்ட எந்தப் பட்டியலையும்விட அது நம்பத்தக்கது. ஏனெனில் அது உங்கள் குவளையும் உங்கள் கையும் சேர்ந்து தந்தது.

இக்கணக்கு உயிரோடு தொடர்புறும் இடம் ஒன்று உண்டு. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டு உடல்நீர் வற்றும்போது கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலே அது. நலவாழ்வு நிலையத்தில் தரும் பொட்டலம் எடையிட்டு அடைக்கப்பட்டது. அதுவே முதல் தேர்வு. அது கிடைக்கும்வரை வீட்டில் கலப்பதானால் ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டிப் பொடியுப்பு. இரண்டும் தலைதட்டிய அளவு. எடையில் கூறினால் சர்க்கரை ஏறத்தாழ 25 கிராம், உப்பு 3 கிராம். உப்பைக் குவித்து எடுத்தால் 3 கிராம் 6 ஆகிவிடும். குருதியில் சோடியம் மிகுந்து, நீர் வற்றிய குழந்தைக்குப் பெருந்தீங்கு நேரும். கரைசலை முதலில் நாம் சுவைத்துப் பார்க்கவேண்டும். கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கவேண்டும். பொட்டலத்திலும் இதே எச்சரிக்கை தேவை. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரே குவளை நீரில் கரைத்துவிட்டால் கரைசல் ஐந்து மடங்கு செறிவாகிவிடும். வீட்டில் ஒரு லிட்டர் சரியாகக் கொள்ளும் பாத்திரம் எதுவென இன்றே அளந்தறிந்து, அதன் உட்புறத்தில் நீர்மட்டம் நிற்கும் இடத்தில் ஒரு கீறல் இட்டு வையுங்கள்.